காவலுக்கு நின்றதும் துணைக்கு நின்றதும்

பிரசவ அறைக்குள் கணவனோ தாயோ சகோதரியோ யாராவது ஒருவர் கூடவே நிற்கலாம் என்று இப்போது எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். போன மாதம் என் பழைய ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிரசவம் பார்க்கப் புதிதாகப் பயிற்சி முடித்து வந்த மருத்துவமாதுகளுக்குப் பழைய ஆட்கள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பேசி முடிந்ததும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்.

"மிஸ், இங்க மொதல்மொதல்ல தொணைக்கு ஆள் நிக்க விட்டது யாருக்கு? டொக்டர்மார் யாரோட வைஃபுக்காவதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குத் தேநீர் ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது கம்பளையில். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு புடவைக் கடை. எங்கள் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். மருத்துவமாதுப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது உம்மா அழுதார். வாப்பாதான், "பொம்புளைக்குப் பொம்புள செய்ற வேலதானே, போகட்டும்" என்றார். பயிற்சிக் காலம் கண்டியில் ஒரு விடுதியில் கழிந்தது. சிங்களத்தில் பாடம், சிங்களத்தில் பரீட்சை, சிங்களத்தில் ஏச்சு. முடிந்து வெளியே வரும்போது கனவும் பாதி சிங்களத்தில் வந்தது. கண்டிக்கும் கம்பளைக்கும் இடையில் இருந்த ஓர் அரச ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் வேண்டாம். அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை.

பிரசவ அறை ஒரு நீள மண்டபம். கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். நடுவில் திரை கிடையாது. ஒரு பெண் கால்களை மடக்கி விரித்துப் படுத்திருப்பாள், அடுத்த கட்டில்காரி அதைப் பார்த்துக்கொண்டு தன் முறைக்காகப் பயந்துகொண்டிருப்பாள். தண்ணீர்க் குழாய் திருத்த வந்த ஆளும் பார்த்துக்கொண்டே போவான். வந்தவுடன் உடுப்பை வாங்கிவிட்டு, முதுகில் கயிறு அறுந்த ஒரு கவுனைக் கொடுப்போம். சவரம், எனிமா, பிறகு கட்டில். எழும்பி நடக்கக்கூடாது. தண்ணீர் கேட்கக்கூடாது. சத்தம் போடவே கூடாது. போட்டால் ஏச்சு விழும். அந்த ஏச்சுகளை எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவை தெரியும்.

அங்கே வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஏசினால்தான் பெண் முக்குவாள், முக்கினால்தான் பிள்ளை தப்பும் என்று அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அவர்கள் பிள்ளை பெறப் போனபோதும் அப்படித்தான் ஏச்சு வாங்கியிருந்தார்கள்.

தமிழ் பேசும் பெண்கள் பாடு இன்னும் மோசம். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்றே விளங்காது. விளங்காததால் சொன்னதைச் செய்யமாட்டார்கள். செய்யாததால் அதையே இன்னும் சத்தமாகச் சிங்களத்தில் சொல்வார்கள். கடைசியில், "பரீதாவைக் கூப்பிடு" என்பார்கள். நான் எங்கே, எந்த வேலையில் இருந்தாலும் ஓடி வர வேண்டும். வந்து, அவர்கள் ஏசுவதைத் தமிழில் ஏச வேண்டும்.

ஒரு நாள் ஒரு தாதி, தலைப்பிள்ளைக்கு வந்திருந்த தோட்டத்துப் பெண்ணைக் காட்டி என்னிடம் சொன்னார், "இவளிடம் சொல்லு. இப்படிக் கத்தினால் வெளியே போட்டுவிடுவோம். புருஷனோடு படுக்கும்போது இந்த நோவு தெரியவில்லையா என்று கேள்."

நான் அவள் முகத்துக்குக் கிட்டக் குனிந்தேன். "தங்கச்சி, ஒங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் போகுது. நோவு வரக்கொள்ள வாயால மெதுவா ஊதுங்க. நோவு விட்டதும் ஒடம்ப லேசா விடுங்க. பயப்பட வாணாம், நான் இங்கதான் நிக்கிறேன்."

அந்தப் பிள்ளை ஊதினாள். சத்தம் அடங்கியது. "பார்த்தீங்களா, தமிழில் ஏசினால்தான் இவர்களுக்கு ஏறும்" என்றார் தாதி, பக்கத்தில் நின்றவர்களிடம்.

அறையின் மூலையில் சிஸ்டர் ஹேரத் கை கழுவிக்கொண்டு நின்றார். எங்கள் வார்டுக்குப் பொறுப்பாக அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். கடுகண்ணாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். உயரமான, ஒல்லியான பெண். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தாழும். அதனால் அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து நிற்போம். முழங்கை வரை சோப்புப் போட்டு, அவசரமே இல்லாதவர் போல விரல் விரலாகக் கழுவுவார். எந்தப் பெண்ணிடமும் நின்றபடி பேசமாட்டார். ஒரு குட்டை ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே கண் வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்தைக் கேட்கும் குழல் அப்போது உலோகத்தில் இருந்தது, மலைநாட்டுக் காலையில் ஐஸ் மாதிரிக் குளிரும். நாங்கள் அப்படியே வைப்போம். அவர் அதைத் தன் உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிவிட்டு வைப்பார்.

அன்று வேலை முடியும் நேரம் சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் பேசியது எப்போதும் சிங்களத்தில்தான்.

"தாதி மிஸி சொன்னது சின்னது. நீ தமிழில் சொன்னது நீளம். என்ன சொன்னாய்?"

ஒளிக்கத் தோன்றவில்லை. சொன்னதை ஒன்றுவிடாமல் சிங்களத்தில் சொன்னேன்.

"எவ்வளவு காலமாக இப்படி மொழிபெயர்க்கிறாய்?"

"வந்த நாளிலிருந்து, சிஸ்டர்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார், "நாளைக்கு அந்த வார்த்தைகளை எனக்குச் சொல்லித் தா. நீ லீவில் நிற்கும் நாளில் யார் சொல்வது?"

அப்படித்தான் சிஸ்டர் ஹேரத் தமிழ் படித்தார். "தங்கச்சி, தொட போறேன்." "கொஞ்சம் நோகும்." "நல்லா செய்றீங்க." தொடக்கத்தில் இவ்வளவுதான் அவருடைய தமிழ். உச்சரிப்பு எங்கெங்கோ போகும். நோவுக்கு நடுவில் தோட்டத்துப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு சிஸ்டருக்குப் பெரிய சந்தோஷம்.

திரை வேண்டும் என்று அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். துணி இல்லை என்றார்கள். துணி கிடைத்தாலும் தூசு சேரும் என்றார்கள். மறைத்துவிட்டால் எல்லோரையும் ஒரே பார்வையில் எப்படிக் கவனிப்பது என்று கேட்டார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் துணையாக ஓர் ஆளை உள்ளே விடலாமா என்று ஒருமுறை கேட்டார். "சந்தையாகிவிடும்" என்று பதில் வந்தது. அவர் வாதாடவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்டார்.

இதற்கிடையில் நாடு எரிந்துகொண்டிருந்தது. இனக் கலவரத்தின்போது கம்பளைக் கடைத்தெருவில் புகை எழும்பியதை எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தவள் நான். அடுத்து யுத்தம். அது வடக்கில் நடப்பது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கண்டியிலும் குண்டு வெடித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்கள் கிளினிக்குக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார்கள், தமிழ் வெளியே கேட்டுவிடும் என்ற பயம். நானும் பஸ்ஸில் தமிழில் பேசுவதை விட்டிருந்தேன். வார்டில் அட்டெண்டனாக இருந்த சோமாவதியின் மகன் இராணுவத்தில் வடக்கே இருந்தான். பல மாதமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அப்படி இருந்த ஒரு காலைநேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

இரண்டு பெண் பொலிஸார் நடுவில் ஒரு நிறைமாதப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னால் ஓர் இன்ஸ்பெக்டர். அவள் கைகள் இரண்டும் வயிற்றுக்கு மேலே விலங்கில் இருந்தன. இருபத்தைந்து வயது இருக்கலாம். நோவு வந்தபோது நடந்தபடியே கண்ணை மூடினாள், உதட்டைக் கடித்தாள், திறந்தாள். சத்தம் இல்லை. பெயர் சுகந்தி என்று டிக்கட்டில், நோயாளி விவரம் எழுதும் அட்டையில், எழுதினார்கள். ஊர் யாழ்ப்பாணம்.

இயக்கத்துப் பெண்ணாம் என்ற செய்தி வார்டு முழுக்க ஓடிவிட்டது. சோமாவதி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "அவளுக்கு நான் தண்ணீர் தூக்கமாட்டேன், சிஸ்டர். எழுதிக்கொடுங்கள், வேலையிலிருந்து எடுங்கள், பரவாயில்லை."

சிஸ்டர் அவரை ஏசவில்லை. "சரி சோமா, நீ மற்றக் கட்டில்களைப் பார். மனமில்லாத கை நோவில் இருக்கும் பெண்ணைத் தொடக்கூடாது." அவ்வளவுதான் சொன்னார்.

டொக்டர் அப்போது சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தார். அதனால் இன்ஸ்பெக்டர் சிஸ்டரிடம்தான் பேசினார்.

"இவள் தடுப்புக் காவலில் இருப்பவள். மற்றவர்கள் இவளைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. சுற்றிவர மறையுங்கள். தமிழ் தெரிந்த ஒருவர் முழு நேரமும் நகராமல் பக்கத்தில் நிற்க வேண்டும். நோவில் வாய் விட்டு என்ன சொன்னாலும் எனக்குத் தெரிய வேண்டும். கையைக் கட்டிலோடு பூட்டுவோம்."

சிஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "மறைக்க வேண்டும். சரி. ஒருவர் நகராமல் பக்கத்தில் நிற்க வேண்டும். அதுவும் சரி, எங்கள் பரீதாவை விடுகிறேன்." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "விலங்கு முடியாது."

"சிஸ்டர், இவள் யாரென்று உங்களுக்கு..."

"இன்ஸ்பெக்டர் மாத்தயாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"இரண்டு பேர்."

"அவர்கள் பிறக்கும்போது மாத்தயா அறைக்குள் நின்றீர்களா?"

"இல்லை."

"நான் தினமும் நிற்கிறேன். இந்த நிலைமையில் எழும்பி ஓடிய ஒரு பெண்ணை இன்னும் பார்க்கவில்லை. இரத்தம் போகத் தொடங்கினால் இவளை ஒரு நொடியில் புரட்ட வேண்டும். அந்த நேரம் உங்கள் விலங்குத் திறப்பைத் தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது."

இன்ஸ்பெக்டர் பெண் பொலிஸிடம் கையைக் காட்டினார். விலங்கு கழன்றது. மணிக்கட்டில் சிவந்த வளையம் இருந்தது. சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துத் தேய்த்தபடி, "தங்கச்சி, தொட போறேன்" என்றார். தொட்ட பிறகுதான் சொன்னார், அவருக்கும் அன்று பதற்றம் இருந்திருக்க வேண்டும்.

மறைப்பு எங்கே இருந்தது? சேலைன் ஏற்றும் கம்பங்களைக் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி நிறுத்தினோம். அவற்றுக்கிடையே பேண்டேஜ் துணியைக் கயிறாகக் கட்டி, படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு ஊசி குத்தினோம். எத்தனை கூட்டத்தில் கேட்டும் வராத திரை இப்படித்தான் வந்தது. ஒரு பெண் பொலிஸ் திரைக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்தார், மற்றவர் வாசலில். இருவருக்கும் தமிழ் தெரியாது. உள்ளே அவளும் நானும்.

"சுகந்தி, நோவு வந்தா அழுங்க. சத்தம் போடுங்க. இங்க ஒங்களுக்கு யாரும் அடிக்கமாட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். வந்த பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"நான் அழுதா எழுதுவியளோ?"

இன்ஸ்பெக்டர் சொன்னதை அவள் விளங்கிக்கொண்டிருந்தாள். நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுதமாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த நோவுக்கும் பல்லைக் கடித்தாள். உடம்பு முழுவதையும் இறுக்கிப் பிடித்தாள். அப்படி இறுக்கினால் பிள்ளை இறங்காது. கர்ப்பப்பை வாய் திறப்பதும் நின்றுபோயிருந்தது. சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "இவள் ஏன் இப்படிப் பூட்டிக்கொண்டிருக்கிறாள்?" என்று கேட்டார். அவள் கேட்டதைச் சொன்னேன்.

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் சொல்வதை அப்படியே சொல்லு. நீளமாக்காதே." பிறகு அவளைப் பார்த்து மெதுவாகப் பேசினார், நான் தமிழில் சொன்னேன்.

"காதால கேட்டுக்கிட்டு நில்லுன்னு பொலிஸ் பரீதாவுக்குச் சொன்னாங்க. கையைப் பிடிச்சிக்கிட்டு நில்லுன்னு நான் சொல்றேன். இந்த அறைக்குள்ள நான் சொல்றதுதான் நடக்கும்."

அவள் சிஸ்டரின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த நோவு ஏறியபோது என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் வளையல் நசுங்கியது. "அம்மா" என்று கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு வெளியே இருந்த பெண் பொலிஸ் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போய்ப் பின்வாங்கினார். அவர் சின்னப் பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை என்று பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி நகர்ந்தது. சிஸ்டர் அவளை எழுப்பி நடக்க விட்டார். கட்டிலைச் சுற்றி, என் தோளில் பாரத்தைப் போட்டபடி அவள் நடந்தாள். சீனி கூடப் போட்டு, பால் விடாத பிளேன்டித் தேநீர் கொடுத்தோம். நோவு வரும்போது நின்று, என் கழுத்தில் தொங்கி ஊதினாள். இடுப்பின் பின்பக்கத்தை நான் உள்ளங்கையால் அழுத்திக்கொடுத்தேன். சவரமும் எனிமாவும் செய்யவில்லை. ஒரு பெண்ணோடு முழு நேரமும் நின்றால் எவ்வளவு தெரியவருகிறது என்று நான் அன்றுதான் கண்டேன். நோவு எப்போது தொடங்குகிறது என்பதை வயிற்றில் கை வைக்காமலே அவள் மூச்சில் அறிய முடிந்தது.

கடைசிக் கட்டத்தில் அவள் வாயிலிருந்து எல்லாம் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள். கடவுளைக் கூப்பிட்டாள். ஓர் ஆணின் பெயரைச் சொல்லி, "அங்கயே நில்லுங்கோ, இஞ்ச வராதேங்கோ" என்றாள். ஓர் ஊரின் பெயரையும் சொன்னாள். அந்தப் பெயர்களை இன்றும் நான் எழுதமாட்டேன்.

பிள்ளை மத்தியானத்துக்குப் பிறகு பிறந்தது. சிஸ்டர் ஒரு கையால் தலையைத் தாங்கி, மற்றக் கையால் கிழியாமல் அணைத்துப் பிடித்து, "இப்ப முக்க வேண்டாம், ஊது, ஊது" என்று தன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். தலை, பிறகு தோள், பிறகு மீன் குஞ்சு போல முழு உடம்பும்.

"பிள்ளை ஏன் அழேல்லை? அக்கா, ஏன் அழேல்லை?"

முதுகைத் துடைத்துத் தேய்த்தோம். அழுதது. துண்டில் சுற்றாமல் அப்படியே அவள் நெஞ்சில் வைத்தார் சிஸ்டர். அவள் அந்த ஈரத் தலையில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. சோமாவதி.

"என்ன பிள்ளை?"

"பெண்" என்றார் சிஸ்டர்.

வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

திரையை விலக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது அடுத்த கட்டிலில் இருந்த பெண் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் பெயர் பாக்கியம், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். இரண்டாவது பிரசவம். காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"மிஸி, எனக்கும் அந்தத் துணி கட்டுவீங்களா?"

"அது பொலிஸ் சொல்லிக் கட்டினது, பாக்கியம்."

"காலையிலேருந்து அந்தப் புள்ள பக்கத்துலயே நின்னீங்க. டீத்தண்ணி குடுத்தீங்க, நடக்க வச்சீங்க, இடுப்பப் புடிச்சு விட்டீங்க. எங்க மாமியா வெளிய வேலியோரத்துல ஒக்காந்திருக்கு. அத உள்ள விட்டா அது புடிச்சு விடும்ல?" அவள் குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நாங்க தப்பு ஒண்ணும் செய்யாம வந்ததால கெடைக்காதா, மிஸி?"

சிஸ்டர் பின்னால் நின்றார். "என்ன கேட்கிறாள்?"

இந்த முறை நான் ஒன்றையும் நீட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். சிஸ்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, "போய் அந்த மாமியாரைக் கூட்டி வா. கை கால் கழுவச் சொல்லு. அலுமாரியில் சுத்தமான கவுன் இருக்கிறது" என்றார்.

மாமியார் பயந்து பயந்து உள்ளே வந்தார். சுகந்தியை வார்டுக்கு மாற்றிய பிறகு திரையைக் கழற்றவில்லை. கம்பங்களை மட்டும் பாக்கியத்தின் கட்டிலுக்கு நகர்த்தினோம். அந்தக் கிழவி மருமகளின் இடுப்பைப் பிடித்த பிடி எங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித்தராத பிடி. பாக்கியத்துக்கு ஆண்பிள்ளை. ஏச்சு இல்லாமல், அவசரம் இல்லாமல், கொஞ்சம் சிரிப்போடுகூடப் பிறந்தது.

மறுநாள் பெரிய டொக்டர் சிஸ்டரைக் கூப்பிட்டு, யாரைக் கேட்டு வெளி ஆளை உள்ளே விட்டாய் என்று கேட்டாராம். "நேற்றுப் பொலிஸ் சொன்னபடி ஒரு கைதிக்குச் செய்தோம், யாரும் தடுக்கவில்லை. கைதி அல்லாதவளுக்கு மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை" என்று சொன்னாராம் சிஸ்டர். டொக்டர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, பெண்துணை என்றால் பார்க்கலாம் என்றார். துணித் திரை வந்தது. மேலே கம்பியில் ஓடும் திரை வர இன்னும் பல வருடம் ஆயிற்று. புருஷன்மார் உள்ளே வந்தது நான் ஓய்வுபெறும் காலத்தில்தான். இடையில் ஏச்சும் ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் திரைக்குள் ஒரு மாமியாரோ அக்காவோ நிற்கும்போது எவரும் பழையபடி ஏசத் துணியவில்லை.

சுகந்தியின் பிள்ளை பிறந்த அன்று பின்னேரமே இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். சிஸ்டரின் அறையில் என்னை நிற்க வைத்துக் கேட்டார்.

"என்ன சொன்னாள்?"

"அம்மாவைக் கூப்பிட்டாள், சேர்."

"வேறு? ஏதாவது பெயர், ஊர்?"

எனக்கு வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், என் அடையாள அட்டையில் இருந்ததும் தமிழ் பேசுகிறவர்களின் பெயர்தான். அவர் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன்.

"நோவில் பெண்கள் சொல்வதை நான் வெளியில் சொல்வதில்லை, சேர்."

"நீ அரசாங்க உத்தியோகத்தர். கேட்டால் சொல்ல வேண்டும்."

சிஸ்டரின் குரல் தாழ்ந்தது. "இன்ஸ்பெக்டர் மாத்தயா, அந்த அறைக்குள் பெண்கள் புருஷனைச் செத்துப்போகச் சொல்கிறார்கள். மாமியாரைச் சபிக்கிறார்கள். என்னை ஏசாதவள் குறைவு. பொலிஸ்காரர்களின் மனைவிமாரும் அதில் படுத்திருக்கிறார்கள். அங்கே கேட்டதையெல்லாம் நாங்கள் வெளியே சொல்ல ஆரம்பித்தால் நாளைக்கு எந்தப் பெண் எங்களிடம் வருவாள்? உங்கள் வீட்டுப் பெண் வருவாளா?"

அவர் தொப்பியை மேசையிலிருந்து எடுத்தார். "இது முடியவில்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

முடியவில்லைதான். பிறகு ஒருமுறை பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். சிஸ்டர் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அதே கேள்வி, அதே பதில். அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின்னும் வீட்டு வாசலில் வாகனச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நிற்பேன். நல்லவேளை, யாரும் வரவில்லை.

சுகந்தியின் வழக்கு நெடுநாளைக்குப் பிறகு நீதிமன்றத்தில் நிற்காமல் போனதாகவும், அவள் விடுதலையாகிப் பிள்ளையோடு தமக்கையிடம் போய்ச் சேர்ந்ததாகவும், கைதிகளைப் பார்க்கப் போகும் ஒரு பாதிரியார் மூலம் அறிந்தேன். அதற்கு மேல் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் திரும்பக் காவலுக்குக் கூட்டிப்போக ஜீப் வந்த காலையில் நான் வேலையில் இருந்தேன். பிள்ளையைப் பழைய துணியில் நன்றாகச் சுற்றி, பால் கொடுக்கும்போது தலையை எப்படித் தாங்க வேண்டும் என்று மறுபடி காட்டிக்கொடுத்தேன். பெண் பொலிஸார் விலங்கைக் கையில் வைத்திருந்தார்கள், ஆனால் போடவில்லை, அவள் பிள்ளையை ஏந்தியிருந்தாள். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். அவள் இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினாள்.

"அக்கா, உங்கட பேரை நான் கேக்கேல்லையே."

இன்ஸ்பெக்டரின் தலை என் பக்கம் திரும்பியது. தடுப்புக் காவலில் இருப்பவளிடம் ஓர் உத்தியோகத்தர் தன் பெயரைச் சொல்வது அந்த நாளில் சின்னக் காரியம் அல்ல. ஆனால் அவள் கேட்டபோது எனக்கு அந்தப் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று உறைத்தது. அவள் உடம்பில் நான் தொடாத இடம் இல்லை. அவள் அழுததை, அவள் ஒளித்து வைத்திருந்த பெயர்களை எல்லாம் கேட்டிருந்தேன். அவளுக்கோ நான் யாரென்றே தெரியாது. இத்தனை வருடத்தில் என் கையில் பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்களுக்கும் தெரியாது.

"பரீதா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "என்ட பேர் பரீதா."

"பரீதா அக்கா" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஜீப்பில் ஏறினாள்.

நான் கை கழுவிக்கொண்டு பிரசவ அறைக்குள் போனேன். புதிதாக ஒரு பெண் வந்து கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். திரையை இழுத்துவிட்டேன். சிஸ்டரின் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "என் பெயர் பரீதா. பிள்ளை பிறக்கும் வரைக்கும் உங்களை நான்தான் பார்ப்பேன்" என்றேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு, நான் டிக்கட்டைத் தொடுவதற்கு முன்பே, தன் பெயரை என்னிடம் சொன்னாள்.